படிவத்தில் இல்லாத கட்டம்

மண் அள்ளும் இயந்திரங்களின் மின்னணுக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். வேலைத்தளங்களில் அவர் பெயர் மீட்டர். கையில் மீட்டரோடு திரிவதால் வந்த பெயர் என்பது அவர் எண்ணம். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாததால் வந்தது என்பது அவர் மனைவியின் எண்ணம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார், தெர்மாமீட்டரைத் தேடுவார். தெர்மாமீட்டர் காட்டிய பிறகும் அதன் பேட்டரி நல்லதா என்று பார்ப்பார்.

வேலையில் அவருக்கு இரண்டு வேதவாக்குகள். ஒன்று, "ஆள் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது." இருபது வருஷத்தில் எத்தனையோ ஆபரேட்டர்கள் "சும்மா ஓடிட்டிருந்துச்சு, தானா நின்னுடுச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, எஞ்சின் நாற்பது நிமிஷம் கொதித்ததையும் எச்சரிக்கை மணி கத்தியதையும் நொடிக்கணக்கோடு எழுதி வைத்திருக்கும். இரண்டாவது, "ஜம்பர் போட்டவன் சாப்பிடக்கூட எழுந்து போகக் கூடாது." ஒரு சுவிட்ச் கெட்டிருக்கிறதா என்று பார்க்க, அதன் இரண்டு முனைகளையும் குறுக்கே இணைக்கும் துண்டு ஒயர்தான் ஜம்பர். சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

அந்தத் தளத்தில் வண்டி ஓட்டியவருக்கு ஆமை என்று பெயர். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த ஆமை தோண்டிய குழியில் எழும்பிய எந்தக் கட்டடத்திலும் விரிசல் விழுந்ததாகத் தகவல் இல்லை. அவ்வளவு நிதானம். அப்பேர்ப்பட்டவர் ஒரு மத்தியானம் வண்டியிலிருந்து இறங்கும்போது, தோள்பையின் வார், வண்டியின் கையை இயக்கும் ஸ்டிக்கில் மாட்டியது. வண்டியின் கை சுழன்று தகர ஆபீஸை இடித்துத் தள்ளியது. உள்ளே ஆள் இல்லாதது அதிர்ஷ்டம்.

இறங்குவதற்கு முன் இருக்கைக்கு இடப்பக்கம் உள்ள சிவப்பு லிவரைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் ஸ்டிக் செத்ததற்குச் சமம், யானையே இழுத்தாலும் கை அசையாது. "தூக்கிட்டுத்தான் இறங்கினேன்" என்று ஆமை மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தள எஞ்சினியர் நம்பவில்லை. மீட்டரின் அறிக்கை வந்ததும் ஆளை அனுப்பிவிடுவதென்று முடிவு. அப்படி ஓர் அறிக்கையோடு போகிற ஆபரேட்டரை வேறு தளத்தில் யாரும் இருக்கையில் உட்கார விடமாட்டார்கள்.

மீட்டர் லேப்டாப்பை மாட்டினார். சம்பவம் நடந்த நொடியில் "லிவர்: கீழே" என்றிருந்தது. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. படிவத்தில் 'காரணம்' என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள்: உதிரிபாகம், தேய்மானம், ஆபரேட்டர். மூன்றாவதன் மேல் பேனாவை வைத்தார்.

"மெஷின் என்ன சொல்லுது தம்பி?" ஆமை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"லிவர் கீழ இருந்துச்சுன்னு சொல்லுதுண்ணே."

"அது பாத்துச்சா?"

"எது?"

"உன் பெட்டிதான். அது சீட்டுக்குப் பின்னாடி கிடக்கு, லிவர் முன்னாடி இருக்கு. அதுக்குக் கண்ணா இருக்கு? யாரோ போய்ச் சொன்னதைத்தானே எழுதி வச்சிருக்கு?"

"யாரும் சொல்லல. ஒயர் சொல்லுது."

"அப்ப அந்த ஒயரையும் கொஞ்சம் விசாரி. என்னை விசாரிச்சதுல பாதி விசாரிச்சாப் போதும்."

அவர் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே மீட்டர் மேலே ஏறி லிவரைத் தூக்கினார். திரையில் "கீழே" என்றிருந்தது. இறக்கினார். "கீழே." மறுபடி தூக்கினார். திரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டில் தெர்மாமீட்டருக்குச் செய்கிற சோதனையை இங்கே செய்யத் தோன்றாமல் போனதை நினைத்தபடி லிவருக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார்.

லிவரின் நிலையைப் பெட்டிக்குச் சொல்லும் சுவிட்சின் குறுக்கே ஒரு சாண் மஞ்சள் ஒயர். இரு முனையிலும் கறுப்பு டேப். டேப்பின் நுனி நகக்கண் அளவுக்கு உள்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது, அடுத்து பிரிப்பவன் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று. தொழிலில் அப்படி மடிக்கிறவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்போது கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

நாலு மாசத்துக்கு முன் இதே வண்டியில் ஸ்டிக் வேலை செய்யவில்லை. சுவிட்ச்தான் கெட்டது என்று நிரூபிக்க ஜம்பர் போட்டார். லிவர் கீழே இருப்பதாகப் பெட்டி நம்பி ஸ்டிக்குக்கு உயிர் கொடுத்தது, நிரூபணமானது. அந்த நேரம் பார்த்து வேறு தளத்திலிருந்து அவசரமாக ஒரு போன். சாப்பிடப் போகவில்லை, வேலைக்குத்தான் போனார். எனவே விதியை மீறினார் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஒயரைப் பிரித்து எடுத்தார். நான்கு மாதம் ஆகியும் டேப் அழகாக உரிந்து வந்தது. ஒயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு 'உதிரிபாகம்' என்று குறித்தால் போதும். சுவிட்ச் கெட்டது உண்மை. ஆமையின் வேலையும் தப்பும், தன் பெயரும் தப்பும். இத்தனை பேருக்கு நல்லது செய்யும் பொய் எளிதில் அமையாது.

"என்ன தம்பி அது கையில?"

மெஷின் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்த ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடது."

"உன்னோடதா?"

"நான் போட்டேண்ணே. கழட்டாமப் போயிட்டேன். நீங்க லிவரைத் தூக்கிட்டுத்தான் இறங்கினீங்க."

"அதைத்தானேப்பா மூணு நாளா தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்!"

எஞ்சினியர் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "மூணுல ஒண்ணை டிக் பண்ணுங்க சார்."

"மூணும் இல்லையே."

"நாலாவது கட்டம் கிடையாதே."

மீட்டர் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் 'பழுது பார்த்தவர்' என்று எழுதி, அதில் டிக் அடித்துக் கையெழுத்திட்டார்.

"ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டர் இதை ஏத்துக்காது சார்."

"கம்ப்யூட்டருக்கு எல்லாம் தெரியும்னு யார் சொன்னா?" என்றார் மீட்டர். இருபது வருஷமாகச் சொன்னவர் அவர்தான்.

ஆமை தன் இருக்கையிலேயே இருந்தார். அந்தக் கம்பெனி எட்டு மாதம் மீட்டரைக் கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டபோது படிவத்தில் நான்காவது கட்டம் அச்சாகியிருந்தது. 'இதர' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் ஜம்பர் போட்டால் தன் பைக் சாவியை அதில் கட்டித் தொங்கவிடுகிறார். கழற்றாமல் வீட்டுக்குப் போக முடியாது. இரண்டு தடவை பைக் வரை நடந்து, பையைத் தடவிவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஆபரேட்டர்கள் சிரிக்கிறார்கள். மனைவியும் ஒரு நாள் கேட்டாள்: "ஏங்க, உங்க ஞாபகத்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"அளந்து பாத்தாச்சு" என்றார் மீட்டர்.