வடித்த தண்ணீரில் வைத்த சூப்

பொங்கல் என்றால் அண்ணன்தான் என் வீட்டுக்கு வர வேண்டும். பிறந்த வீட்டுச் சீராகக் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பெரிய பூசணிக்காய் ஒன்று, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திருப்பூரில் வந்து இறங்குவார். "இதெல்லாம் இங்க கிடைக்காதா, ஏண்ணே இந்தப் பாடு?" என்று வருடா வருடம் கேட்பேன். கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரிகள் கண்ணில் படும்படி கரும்பை வாசலிலேயே சாய்த்து வைப்பேன். இந்த வருடம் அவர் வரவில்லை. "கிட்னியில சின்னக் கோளாறு பாப்பா. மாத்திர போடுறேன், சரியாயிரும்" என்று போனில் சொன்னார். எனக்குப் பேரன் பிறந்தாயிற்று. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

மனசு கேட்காமல், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் அன்று நானே பஸ் ஏறிவிட்டேன். ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தல்லாகுளத்து வீட்டுக்குப் போனபோது அண்ணன் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். மாடு பிடிபடாமல் போனால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்துகிற மனிதர் அவர். இப்போது ரேஷன் கடையில் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். "வந்துட்டியா பாப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி நான் நேரே அடுப்படிக்குப் போனேன்.

அங்கே மதினி, அண்ணனின் மனைவி, அவரைக்காயையும் பூசணியையும் கேரட்டையும் பொடிப்பொடியாக நறுக்கி ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் கொதிக்க விட்டிருந்தாள். வெந்ததும் வடிதட்டில் கொட்டினாள். கீழே வைத்திருந்த சட்டியில் தண்ணீர் மஞ்சளாக, மணமாக இறங்கியது. மேலே நின்றது வெறும் சக்கை. அதைத்தான் உப்புக்கூடப் போடாமல் தாளித்து எடுத்து வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காயில இருக்குற சத்தெல்லாம் தண்ணியில போயிருச்சே மதினி. இதத் தின்னா மனுசன் எப்பிடித் தேறுவாரு?"

"அப்பிடியே பழகிப்போச்சும்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவள். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள் என்று மனசுக்குள் ஒரு வசவு வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "மருந்துக் கடைக்குப் போயிட்டு வாரேன். அவருக்கு எதுவும் குடுத்துராத. நான் வந்து குடுக்குறேன்."

எப்படி இருக்கும் எனக்கு? என் அண்ணனுக்கு நான் ஒன்றும் கொடுக்கக் கூடாதாம். வருடம் முழுக்கச் சக்கையைப் போட்டு ஆளைப் பாதியாக்கி வைத்துவிட்டு எனக்குச் சட்டம் போடுகிறாள். அவள் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டதுமே அடுப்பைப் பற்றவைத்தேன்.

சட்டியில் இருந்த தண்ணீரை அவள் இன்னும் கீழே ஊற்றியிருக்கவில்லை. எனக்குச் சூப் வைத்துப் பழக்கமில்லை. எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் வாங்கிக் குடித்ததோடு சரி. தெரிந்ததை வைத்துச் செய்தேன். நாலு சின்ன வெங்காயத்தைத் தட்டி நெய்யில் வதக்கி, இரண்டு தக்காளியை நசுக்கிப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றினேன். முருங்கைக்காய் ஒன்று கிடந்தது. அதை வேகவைத்துச் சதையை வழித்துக் கலந்தேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு துண்டை மசித்துப் போட்டதும் நன்றாகக் கெட்டிப்பட்டது. மிளகு, சீரகம், கொஞ்சம் உப்பு. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. ஆனால் மணம் கூடத்துக்குப் போய்விட்டது.

"என்ன பாப்பா வாசம்?" என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். ஒவ்வொரு வாயையும் உடனே விழுங்காமல் வைத்திருந்து விழுங்கினார். "இன்னும் இருக்கா?" என்று கேட்டபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓடிப்போய் இன்னொரு டம்ளர் கொண்டுவந்தேன். அதையும் குடித்துவிட்டு டம்ளரின் அடியில் விரலை விட்டு வழித்தார்.

அப்போதுதான் மதினி உள்ளே வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். "எம்புட்டுக் குடிச்சீக?" என்று அவரிடம் கேட்டாள். அவர் டி.வி.யைப் பார்த்தார்.

"ரெண்டு டம்ளர்" என்றேன் நான். "ஏன், எங்கண்ணனுக்கு நான் குடுக்கக் கூடாதா? நீங்க வடிச்சு வச்ச தண்ணிதான். நல்லாக் குடிச்சாரு."

மதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்திருந்தது.

"அவருக்கு ஒண்ணுக்கே போறதில்லம்மா. குடிக்கிறதெல்லாம் உள்ளயே நிக்குது. வாரம் மூணு தடவ டயாலிசிஸ். பொங்கல் லீவுனால இந்தத் தடவ நாளைக்குத்தான். காயில இருக்குற பொட்டாசியம் அந்தத் தண்ணியிலதான் இறங்கும். அது ரத்தத்துல ஏறுச்சுன்னா நெஞ்சு நின்னுரும். அதுக்குத்தான் வடிச்சு ஊத்துறேன்."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பொட்டாசியத்தை இறக்க வீட்டில் இருந்த ஒரு பொடியைக் கொடுக்கச் சொன்னார்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே கூட்டி வர வேண்டுமாம். பொடியை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் குழைத்து வாயில் விட்டாள். "இன்னைக்கு இனிமே தண்ணி கிடையாது" என்றாள். அண்ணன் தலையாட்டினார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்ணே குடிச்சீக? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா குடுத்திருப்பியா?" என்றார்.

நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். மதினி பின்னாலேயே வந்தாள். என் கிட்னியில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அழுதேன்.

"ஆபரேசனுக்கு அவரு நெஞ்சு தாங்காதுன்னுட்டாக. இனி எம்புட்டு நாள் ஓடுதோ அம்புட்டுத்தான். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா பொங்கச்சீர் வாங்க மாட்டியாம். அடுத்த வருசம் எப்பிடியும் கொண்டாருவாராம்."

சொல்லிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்தினாள். மிச்சம் இருந்த சூப்பை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை என்னிடம் நீட்டினாள். "குடி. காலையில இருந்து நான் பச்சத் தண்ணி குடிக்கல. அவரு பாக்கயில தொண்டையில இறங்க மாட்டேங்குது. கதவச் சாத்திக்கிட்டுத்தான் எப்பவும் குடிக்கிறது. டம்ளர் சத்தம் கேக்காமக் குடி."

சுவரோடு சுவராக நின்று குடித்தோம். சூப் நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூடத்தில் டி.வி. சத்தம் குறைந்தது. "பாப்பா, அதுல மிச்சம் எதுவும் இருக்கா?" என்று அண்ணன் கேட்டார்.

மதினி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இல்லங்க. கீழ ஊத்திட்டேன்."

"அம்புட்டையுமா?" என்றார்.