டோசர் ஜேம்ஸ் மேல் விழுந்த பழி

மோரே கடற்கரையின் அந்த மீனவ ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் ஃபிளெட். மூத்த பிள்ளைக்குப் பாட்டன் பெயரைத்தான் வைப்பார்கள். தடுக்கி விழுந்தால் ஒரு ஜேம்ஸ் ஃபிளெட் மேல்தான் விழவேண்டும். ஆளை அடையாளம் காட்டுவது பட்டப்பெயர்தான். எல்ஸ்பெட் வீட்டாருக்குக் கோஸ்டி என்று பட்டம்; டாட் வீட்டாருக்கு டோசர்.

பூட்டன்மார் காலத்தில் ஒரு புயல். துறைமுக வாயிலில் தத்தளித்த படகுக்குக் கயிறு வீசாமல் நின்றவன் டாட்டின் பூட்டன் டோசர் ஜேம்ஸ் என்பது ஊர்ப்பேச்சு. படகில் இருந்த எல்லோரும் போய்விட்டார்கள். எல்ஸ்பெட் தாய்ப்பாலோடு அந்தக் கதையையும் குடித்து வளர்ந்தவள். இளவயதில் டாட் பெண் கேட்டு வந்தபோது, அவன்மேல் உயிரையே வைத்திருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கயிறு போடாத குடும்பத்துல வாக்கப்பட நான் என்ன கதியத்துப்போயா கெடக்கேன்?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் இருவரும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. வீம்புக்கு மட்டும் வயதாவதே இல்லை.

மீனைப் புகையில் வாட்டும் கொட்டகை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, கனடாவிலிருக்கும் தங்கை மகள் கேட்டாளென்று, தன் பூட்டன் கோஸ்டி ஜேம்ஸின் கதையைத் தேடிப் புறப்பட்டாள் எல்ஸ்பெட். தொண்ணூறு தாண்டிய ஜெஸ்ஸி அத்தையிடம் போனாள். அத்தையின் பாட்டி புயலன்று துறைமுகத்தில் நின்றவள்.

"கோஸ்டியா? அது பொண்டாட்டி வீட்டுப் பட்டம்டி," என்று சிரித்தாள் ஜெஸ்ஸி. "வீட்டோட மாப்பிள்ளையாப் போனதும் ஒட்டிக்கிட்டது. அதுக்கு முன்னாடி, புயலடிச்சப்ப, உன் பூட்டனும் டோசர் ஜேம்ஸ்தான். டாட்டோட பூட்டன் அவனுக்குச் சித்தப்பா மகன். புயலன்னிக்கு டாட்டோட பூட்டன் ஊர்லயே இல்ல. ஆனா பட்டம் எங்க தங்குச்சோ, பழியும் அங்கயே தங்கிருச்சு."

"அப்ப கயிறு?"

"உன் பூட்டன் கையிலதான் இருந்துச்சு. படகுக்காரனோட வலைத் தகராறு, கொஞ்சம் தயங்கிட்டான். அப்புறம் வீசினான், பிடிக்க ஆளில்ல. சாகுறவரைக்கும் இந்தத் துறையில கால் வைக்கல. அடுத்த ஊருக்கு நடந்துபோய்த்தான் படகேறுவான், பாவி மனுஷன்."

அந்த நடையை வீட்டில் திமிர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். செத்துப்போனவனுக்காக அழுவதா, தனக்காக அழுவதா என்று எல்ஸ்பெட்டுக்குத் தெரியவில்லை. நேராக டாட் வீட்டுக்கு நடந்தாள். அவன் வாசலில் நண்டுக்கூடை பின்னிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"தெரியும்," என்றான், தலை நிமிராமல். "பொண்ணு கேக்கக் கெளம்பும்போதே எங்கப்பா சொன்னாரு."

"படுபாவி! அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்க பூட்டன் மேல பழியப் போட்டுத்தான் உன்னக் கட்டணுமா? நீ எனக்காகவே வருவேன்னு இருந்தேன். மனசு கேக்காம மறுநாள் சொல்லிடலாம்னு மீன் ஏலத்துக்கு வந்தேன். என்னப் பாத்ததும் நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. சரி, அவ்வளவுதான்னு போயிட்டேன்."

எல்ஸ்பெட் அவன் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ராத்திரியெல்லாம் அழுது மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சுடா. நீ பாத்துடக் கூடாதுன்னுதான் திரும்பிக்கிட்டேன்."