பல்செட்காரர் வீட்டு ஆமை

ஊரில் பாதிப் பேர் வாயில் அவருடைய கைவேலை இருந்தது. அவரோடு வாய்விட்டுப் பேசத்தான் ஆளில்லை. பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் செயற்கைப் பல் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன ஆமைதான் அவருக்குத் துணை.

வேலையில் கையுறை இல்லாமல் ஒரு பல்லையும் தொடமாட்டார். வீட்டிலோ, ஆமைத் தொட்டியின் அழுக்குத் தண்ணீரை, தட்டு கழுவும் தொட்டியிலேயே கொட்டுவார். சாப்பிடும்போது அது மேஜையில் நடமாடும். அதன் ஓட்டைத் தடவிய கையாலேயே சாப்பாட்டைப் பிசைவார்.

ஒரு வாரக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அவரைக் கிழிந்த நாராக்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார்: யார் சமைத்தது, கூட யார் சாப்பிட்டது, வீட்டில் வேறு யாருக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் யாருமில்லை, யாருமில்லை என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

"ஏதாவது வளக்கறீங்களா?"

"ஒரு ஆமை இருக்கு. ஆனா அது நல்லாத்தானே இருக்கு."

"அது நல்லாத்தாங்க இருக்கும். அதோட வயித்துல இருக்கிற கிருமி அதை ஒண்ணும் பண்ணாது, நம்மளத்தான் படுத்தும். கைக்குழந்தைன்னா உயிருக்கே ஆபத்து."

அவருக்குப் பகீரென்றது. ஞாயிறுதோறும் தங்கை மகள் தன் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மறைக்காமல் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் கோபப்படவில்லை.

"அது இருக்கிற வரைக்கும் பாப்பாவைக் கூட்டிட்டு வரமாட்டேன் மாமா," என்றாள்.

ஆமையைக் குளத்தில் விடலாமா என்று கேட்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். கிருமி குளத்திலும் பரவும், விடக்கூடாது என்று சொல்லி, அங்கிருந்த உதவியாளர் அதைத் தானே வாங்கிக்கொண்டார். பல்செட்காரர் சமையலறையைக் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்தார். குழந்தை வந்தது, தவழ்ந்தது, அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. அப்புறம் தங்கை மகளுக்கு வெளியூர் மாற்றல் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகள் வெறிச்சோடிப்போயின. மனசு கேளாமல் ஒருநாள் உதவியாளர் வீட்டுக்குப் போய் ஆமையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிலைமை புரிந்து உதவியாளர் ஆமையைத் திருப்பிக் கொடுத்தார், நிபந்தனைகளோடு: அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், சமையலறைப் பக்கமே போகக்கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

"முத்தம் கித்தம் கிடையாது," என்றார்.

"அதுக்கெல்லாம் எனக்கு வயசா?" என்றார் பல்செட்காரர். முன்பு ஆமைக்குக் கொடுத்த முத்தங்கள் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

விடுமுறைக்கு வருவதாகத் தங்கை மகள் போனில் சொன்னாள். முந்தின நாளே ஆமையை உதவியாளர் வீட்டில் விட்டுவிட்டு, வீடு முழுக்கக் கழுவிவிட்டு, அன்று காலையிலிருந்து வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் போன்தான் வந்தது. அவளுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

மறுநாள் போய் ஆமையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.