விளக்குப் போடாத பின்கதவு

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, இப்போது எழுபத்திரண்டு. இதில் ஒரு வார்த்தையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

அப்பாவைப் பெற்ற தாத்தா ஒரு தையல்காரர். விடியற்காலை நாலரைக்கே எழுந்து பிரார்த்தனையில் உட்கார்ந்துவிடுவார். இல்லாதவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவைத் தட்டுவார்கள். பகலில் வந்து கேட்கக் கூச்சம். தாத்தா விளக்குப் போட மாட்டார். "யாரு?" என்று கேட்கவும் மாட்டார். அரிசியோ, வெட்டுத்துணியை ஒட்டித் தைத்த போர்வையோ, கைக்கு வந்ததை இருட்டிலேயே நீட்டிவிடுவார்.

"முகத்தைப் பார்த்துட்டா, நாளைக்குத் தெருவுல அவங்க தலை குனியணும்மா," என்பார் என்னிடம்.

"பூனை வந்து பிறாண்டினாலும் ஒரு போர்வை போயிடும் உங்க அப்பா கையால," என்று அம்மா அப்பாவைச் சீண்டுவாள். ஒருதரம் அது நிஜமாகவே நடந்தது. வீடே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

சாகிற அன்று தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டினா திற. யாருன்னு கேக்காத."

"சரி தாத்தா."

அடக்கம் முடிந்த மறுநாளே அப்பா பின்கதவின் தாழ்ப்பாளுக்கு ஒரு பூட்டுப் போட்டார்.

"தாத்தாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்பா."

"அதெல்லாம் அவரோட போச்சு. பேசாம போய்ப் படு."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தாத்தாவிடம் கடைசியாகச் சொன்ன சொல்லே பொய்யாகப் போகிறதே என்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

எட்டு நாள் போயிற்று. அன்றைக்கு விடாத மழை. பின்கதவை ஒட்டிய தாத்தாவின் அறையில் படுத்திருந்தேன்.

தொக்... தொக்... தொக்.

இருட்டில் மினுங்கும் கடிகார முள்ளைப் பார்த்தேன். நாலு நாற்பது.

யாரோ பாவம், மழையில் நிற்கிறார்கள். சாவிக்கு எங்கே போவேன்?

தொக்... தொக்.

சத்தத்தில் ஏதோ சரியில்லை. கதவு தட்டுகிறவர்கள் நெஞ்சு உயரத்தில் தட்டுவார்கள். இது முழங்கால் உயரத்தில் கேட்டது.

எங்கள் தெரு நாய் காற்றடித்தாலே குரைக்கும். அன்றைக்கு அதன் மூச்சே இல்லை.

ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி போனேன். பூட்டைத் தொட்டேன்.

அது திறந்து தொங்கியது.

யாரென்று கேட்கவில்லை. தாழ்ப்பாளை இழுத்தேன்.

"அம்மா..."

பெண் குரல். கீழேயிருந்து வந்தது.

"போர்வை ஒண்ணு குடும்மா... பிள்ளைக்குக் குளிருது."

குனிந்து நீட்டினேன். ஒரு கை என் விரலில் பட்டது.

அந்த மழையில்... காய்ந்த கை.

ஏதாவது பேசினால் பயம் போகும் போலிருந்தது.

"தாத்தா தவறிட்டாரும்மா."

"தெரியும்."

...

"அவர்தான் அனுப்பினார்."

"எப்போ?"

"இப்பதான். பேத்தி திறப்பா, போன்னார்."

போர்வை என் கையை விட்டுப் போனது.

காலடிச் சத்தம்...

இல்லை.

நாலு நாற்பத்தைந்து.

விடிந்ததும் அப்பா வந்தார். திறந்த பூட்டைப் பார்த்தார். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"யாரோ வந்தாங்கப்பா. ஒரு போர்வை குடுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன்.

"பிள்ளை அழுதுச்சா?"

பிள்ளையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

"இல்லப்பா. உங்களுக்கு எப்படி..."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ பிறக்கிறதுக்கு முந்தின வருஷம். தாத்தா வெளியூர் போயிருந்தார். இதே மாதிரி மழை, குளிர். இதே நேரம் யாரோ கதவைத் தட்டினாங்க. நான் யாருன்னு கேட்டேன். பிள்ளைக்குக் குளிருது, போர்வை வேணும்னு ஒரு பொம்பளைக் குரல். எனக்குத் தூக்கக் கலக்கம். விடிஞ்சதும் வான்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்."

"அப்புறம்?"

"விடிஞ்சு திறந்தேன். படியிலேயே கதவுல சாஞ்சு உட்கார்ந்திருந்தா. மடியில பிள்ளை. ரெண்டு பேரும் விறைச்சுப் போய்..."

அப்பா கதவைப் பார்த்தபடியே இருந்தார்.

"அந்தப் பிள்ளை அழவே இல்லம்மா. ஒரு சத்தம் போட்டிருந்தா திறந்திருப்பேன்."