ஆமாம், யுவர் ஆனர்

இருபத்தாறு வருஷத் தொழிலில் ஐலீன் ஹார்க்கர் நீதிமன்றத்தில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். மொத்தம் மூன்று வார்த்தை. பிரெஸ்டன் நீதிமன்றத்தில் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே காலுக்கு அதைச் சொன்னாள்.

பர்ன்லியில் பஸ் ஓட்டியவரின் மகள். அவள் படித்த காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்குச் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. லண்டனில் தான் சேர்ந்த வக்கீல் சங்கத்தின் மண்டபத்தில் பதினெட்டு முறை உட்கார்ந்து விருந்து சாப்பிட்டும் ஆகவேண்டும். பரீட்சையில் கோட்டை விட்டால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். விருந்துக்கு வராதவருக்கு அங்கி கிடையாது. அதனால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய், வெந்தும் வேகாத ஆட்டிறைச்சியைத் தின்றுவிட்டு, ஆறு மணி நேரம் பஸ்ஸில் திரும்பி வருவாள்.

"சாப்பிடக் கத்துக்கவா லண்டன் போற? அதை நான் இங்கயே சொல்லிக் குடுத்துட்டேனேடி" என்றாள் அவள் அம்மா.

"எந்தக் கையில முள்கரண்டி புடிக்கிறோம்னு பாக்கறாங்கம்மா."

"பாத்துட்டு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

அப்படிப் பயந்து பயந்து தின்று பாரிஸ்டர் ஆனவள், பிரெஸ்டனில் ஒரு சேம்பரில் இடம் பிடித்தாள். இருபது பாரிஸ்டர்கள் ஒரே கூரையின் கீழ். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை, எல்லோரும் சுதந்திரப் பறவைகள். எந்தப் பறவை எந்த ஊருக்குப் பறக்கவேண்டும் என்று தீர்மானிப்பவன் மட்டும் அவர்களிடம் சம்பளம் வாங்கும் குமாஸ்தா, ரே டக்ஸ்பரி. ஆட்டிவைப்பவன் அவன், ஆனால் 'சார்', 'மிஸ்' என்று பணிவாகக் கூப்பிடுவதும் அவன்தான்.

"நாளைக்கு மூணு கேஸ், மிஸ்" என்றான் அந்தத் திங்கட்கிழமை மாலை.

"மூணா? எனக்கு வாய் ஒண்ணுதான் இருக்கு, ரே."

"வாய் ஒண்ணு போதும் மிஸ். காலுதான் ஆறு வேணும்."

மூன்றாவது கேஸ் கார்ல் ஃபிட்டனுடையது. முப்பத்து நாலு வயது, கூரை வேலை செய்பவன். மூடிக்கிடந்த பஞ்சாலை ஒன்றின் கூரையிலிருந்து ஈயத்தகட்டை உரித்துக்கொண்டு போனதை ஒப்புக்கொண்டுவிட்டான். மிச்சம் இருந்தது தண்டனைதான். அதற்கு முன்னால் நன்னடத்தை அதிகாரி எழுதிய அறிக்கையை வக்கீல் கட்சிக்காரனோடு உட்கார்ந்து படித்துக் காட்டவேண்டும். சிறை வண்டி பத்தே முக்காலுக்குத்தான் வந்தது. லாக்கப்பில் பேசுவதற்கு இரண்டு அறை. வெளியே ஐந்து வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள். கிடைத்த ஏழு நிமிஷத்தையும் ஐலீன் இன்னொரு கட்சிக்காரனிடம் செலவழித்துவிட்டு மேலே ஓடினாள்.

நீதிபதி பில்லிங், தெருவில் பார்த்தவரிடம் சௌக்கியமா என்று கேட்கிற தோரணையில் கேட்டார்: "மிஸ் ஹார்க்கர், அறிக்கையை உங்க கட்சிக்காரர் படிச்சுட்டாரா? நீங்க கூட இருந்தீங்களா?"

"ஆமாம், யுவர் ஆனர்."

சௌக்கியமா என்று கேட்டவரிடம் யார்தான் வியாதிகளைப் பட்டியல் போடுகிறார்கள்?

அறிக்கையின் நாலாம் பக்கத்தில் ஒரு பழைய குற்றம் இருந்தது. எரிவாயு மீட்டர் பார்ப்பவனாக வேஷம் போட்டு, எண்பத்து மூன்று வயதுக் கிழவியின் வீட்டுக்குள் நுழைந்து, அவளைத் தள்ளிவிட்டுப் பணப்பையைப் பறித்தது. ஐலீன் அதை முந்தின நாளே படித்திருந்தாள், நம்பியும் இருந்தாள். நீதிபதியும் நம்பினார். வெறும் ஈயம் என்றால் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார். கிழவிக்காக மூன்று வருஷம் கொடுத்தார்.

"எந்தக் கிழவி? அது நான் இல்ல! மிஸ், நீங்க சொல்லுங்க மிஸ்!" என்று கூண்டிலிருந்து கத்தினான் கார்ல். காவலர்கள் தோளைப் பிடித்துக் கீழே கொண்டுபோனார்கள்.

கீழே லாக்கப்பில் இப்போது அறை காலியாக இருந்தது.

"நான் ஒண்ணும் யோக்கியன் இல்ல. ஈயத்தை எடுத்தேன், கேட்டாங்க, ஒத்துக்கிட்டேன்" என்றான் கார்ல். "நான் ஏறுறது கூரை மிஸ். வீட்டுக்குள்ள நுழைஞ்சு கிழவியை எதுக்கு அடிக்கப்போறேன்? எங்க அம்மாவுக்கே எழுபது வயசு."

"விசாரிக்கச் சொல்றேன்."

"அந்த ஜட்ஜ் கேட்டதுக்கு ஆமான்னீங்களே. நாம எப்ப மிஸ் படிச்சோம்?"

ஐலீன் அறிக்கையின் நாலாம் பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள்.

தவறு போலீஸ் கம்ப்யூட்டரில் இருந்து வந்தது என்று பின்னால் தெரிந்தது: விகன் என்ற ஊரில் இன்னொரு கார்ல் ஃபிட்டன் இருந்தான், இருவரையும் அது ஒருவனாக்கி வைத்திருந்தது. ஆனால் அன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: போலீஸ் காகிதம் 'ஆம்' என்கிறது, கார்ல் 'இல்லை' என்கிறான். தான் கொடுத்த தண்டனையை நீதிபதியே திருத்திக்கொள்ள ஐம்பத்தாறு நாள் கெடு. போலீஸோடு மல்லுக்கட்டியும் தேதிக்குக் காத்திருந்தும் நாற்பது நாளுக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியில் தேதி கிடைத்தபோது ரே அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"அன்னிக்கு ஆமான்னீங்களே, அதை ஜட்ஜ் நோண்டினார்னா, படிச்சதா ஞாபகம்னு சொல்லிடுங்க மிஸ். ஞாபகப்பிசகுக்கு யாரும் அங்கியைக் கழட்டச் சொல்ல மாட்டாங்க."

"கார்ல் அங்கதான் இருந்தான் ரே. அவனுக்குத் தெரியும்."

"கூரையில ஈயம் உரிச்சவன் பேச்சு, உங்க பேச்சு. ஜட்ஜ் யாரை நம்புவாரு?"

"என்னைத்தான். அதான் பயமா இருக்கு."

ரே சொன்னபடியே நீதிபதி நோண்டினார். "முன்னாடியே படிச்சுட்டார்னு நீங்கதானே என்கிட்ட சொன்னீங்க, மிஸ் ஹார்க்கர்? படிச்சப்ப சும்மா இருந்தவர், மூணு வருஷம் விழுந்தப்புறம் நான் இல்லைன்னா நான் எப்படி எடுத்துக்கறது? இதை வச்சு ஒண்ணும் கிளற முடியாது."

எதிர்த்தரப்பு வக்கீல் அவசரமாகத் தன் காகிதங்களைப் பார்த்தார். அவளுக்குத் தப்பிக்க வழி விடுகிறாராம்.

"அவர் படிக்கல, யுவர் ஆனர். நான் காட்டல. அன்னிக்கு நான் உங்ககிட்ட சொன்னது பொய்."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "உக்காருங்க" என்றார். பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நீங்க ஒரு வக்கீலைப் பாக்கறது நல்லது" என்றார்.

கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவிட்டார். ஐந்தே நாள். கார்ல் வெளியே வந்துவிட்டான்.

இப்படியொரு தப்பைச் செய்த பாரிஸ்டர் தன்மேல் தானே புகார் கொடுக்கவேண்டும் என்பது விதி. ஐலீன் அன்றே படிவத்தை நிரப்பினாள். புகார் யார்மேல்: ஐலீன் ஹார்க்கர். கொடுப்பவர்: ஐலீன் ஹார்க்கர். 'இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டாள்.

விசாரணைக்குப் பதினாலு மாதம் ஆனது. அதுவரை தொழில் செய்யத் தடை இல்லை. ஆனால் ரே வழக்கைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். "கேஸ் குடுக்கற சொலிசிட்டர்கள் வேற ஆள் கேக்கறாங்க மிஸ்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

லண்டனில் ஐந்து பேர் கொண்ட குழு. அவளுக்கு எதிராக வாதாடியவன் குவெயில் என்ற முப்பது வயதுப் பாரிஸ்டர். புதிதாக வருகிறவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தொழில் ஒழுக்கம் பற்றி ஐலீன் எடுத்த வகுப்பின் குறிப்பை அவன் எங்கிருந்தோ தேடிப் பிடித்திருந்தான். 'நீதிமன்றத்திடம் பொய் சொல்லாதே. சொல்லிவிட்டால் உடனே ஒப்புக்கொள்.' முதல் வாக்கியத்தை மீறியவர் இரண்டாவதைக் கடைப்பிடித்திருக்கிறார், அதுவும் சற்றுத் தாமதமாக என்றான் அவன். குரலில் நக்கல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அதன்பின் கார்ல் ஃபிட்டனின் கடிதத்தை வாசித்தான். "அவங்க நிஜத்தைச் சொன்னது நல்லதுதான். ஆனா நான் அம்பத்தோரு நாள் உள்ள இருந்தேன். நாப்பதாவது நாள் எங்க அம்மா செத்துப்போச்சு. ஒரு கையில விலங்கோட கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பத்து நிமிஷம்."

ஐலீனின் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கப் பார்த்தார். அவள் அவர் அங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஆட்சேபிக்க அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

தலைவர் நிதானமாகத் தீர்ப்பு வாசித்தார். "நீங்களா முன்வந்து சொன்னதை நாங்க பாராட்டறோம். சொல்லாம இருந்திருந்தா இது யாருக்கும் தெரியவந்தே இருக்காது." மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆனாலும் நீதிமன்றத்துக்குத் தெரிஞ்சே சொன்ன பொய். பாரிஸ்டர் பட்டியல்லேர்ந்து பேரை நீக்கறோம்."

வெளியே நடையில் நாற்காலியில் அமர்ந்து ஐலீன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. குவெயில் வந்து எதிரில் நின்றான்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க" என்று வலது கையை நீட்டினான்.

இங்கிலாந்தில் பாரிஸ்டர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொள்வதில்லை. கையில் கத்தி இல்லை என்று காட்டத்தான் கைகுலுக்கல், ஒருவரையொருவர் நம்புகிற நமக்கு அது எதற்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். வெளியாட்களிடம் மட்டும் தாராளமாகக் குலுக்குவார்கள்.

ஐலீன் அந்தக் கையைப் பார்த்தாள். சுத்தமாக நகம் வெட்டிய கை.

"அப்பீலுக்கு இருபத்தோரு நாள் கெடு இருக்கு, மிஸ்டர் குவெயில்" என்றாள். "அதுவரைக்கும் என் பேரு பட்டியல்லதான் இருக்கும்."

அவன் காதுவரை சிவந்துபோய்க் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அப்பீல் பண்ணப்போறீங்களா?"

"இல்ல" என்றாள் ஐலீன், மறுபடியும் அந்தப் பொத்தானைத் துளைக்குள் தள்ளிக்கொண்டே.