இராயப்புவின் முப்பத்து மூன்று போத்தல்

இராயப்புவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாரிசின் லாச்சப்பலில் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருக்கிறார். இருபது வருடமாக ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். அவர் செய்யும் மாட்டிறைச்சியைச் சாப்பிட்ட வெள்ளைக்காரர்கள் குசினி வாசலுக்கு வந்து கைகொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் எங்கள் சனத்தின் கொண்டாட்டங்களில் அவர் வெங்காயம் உரிப்பவர். முதல் கொண்டாட்டத்தில் அவருடைய அக்காவின் கணவர் இரத்தினம் அந்த வேலையைக் கொடுத்தார். பிறகு ஒருவரும் அதை மாற்ற யோசிக்கவில்லை.

இரத்தினம்தான் அவரைப் பாரிசுக்குக் கூப்பிட்டு, ஏழு மாதம் தன் அறையில் படுக்க இடம் கொடுத்தவர். இப்போது பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் வீடும் தோட்டமுமாக இருக்கிறார். அந்த ஏழு மாதத்தை இராயப்பு இன்னும் இறக்கி வைக்கவில்லை. அத்தான் நல்லது என்றால்தான் அவருக்கு எதுவும் நல்லது. இதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இராயப்புவிடம் சொன்னால் சிரிப்பார்.

போன வருடம் ஜூலை பதினான்கு விடுமுறைக்குப் பதினொரு குடும்பங்கள் லுவார் ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவதென்று முடிவாயிற்று. நாங்கள் நாலு பேர் கூடினாலே ஒரு தலைவரும் செயலாளரும் வேண்டும். இரத்தினம் தலைவர். வாட்ஸப்பில் தமிழ் தட்டத் தெரிந்த குற்றத்துக்காக நான் செயலாளர். பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தேநீர்க்கடையின் பின்மேசையில் ஐந்து கூட்டம் நடந்தது. ஐந்திலும் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை.

முதல் கூட்டத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பத்துக் கிலோ ஆட்டிறைச்சி என்று எழுதினேன்.

"காணாது" என்றார் இரத்தினம்.

இந்தச் சொல்லை எதிர்த்துப் பேச எங்களில் எவருக்கும் துணிவில்லை. காணும், இது போதும் என்று சொன்னவனை ஆயுள் முழுக்கக் கஞ்சன் என்பார்கள். ஐந்தாம் கூட்டம் முடிய ஆட்டிறைச்சி இருபத்தெட்டுக் கிலோவாகியிருந்தது. அதற்கு மேல் நண்டும் இறாலும் கணவாயும் போட்டு பனங்கிழங்கு மாவில் ஒரு அண்டா ஒடியற்கூழ், நானூறு மட்டன் றோல்ஸ், இடையில் பசித்தால் கொத்துரொட்டி, அது செமிக்க இஞ்சித் தேத்தண்ணி. பிள்ளைகள் இதில் ஒன்றையும் தொடமாட்டார்கள் என்பதால் அவர்களுக்குப் பீட்சா. கூடாரம் யார் கொண்டுவருவது என்று கேட்டேன். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார் தலைவர்.

இந்தக் கூட்டங்களில் இராயப்பு வாய் திறந்தது ஒரே ஒரு முறை.

"அத்தான், நான் பியர் செய்து கொண்டுவரட்டே? என்னோடை வேலை செய்யிற லீல் ஊர்ப் பெடியன் பழக்கினவன்."

"வீட்டிலையோ காய்ச்சப்போறாய்?" இரத்தினம் மேசையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "ஊரிலை கசிப்புக் காய்ச்சினவனைப் பொலிஸ் பிடிச்சுது. இவர் அதைப் பாரிசிலை காய்ச்சப்போறாராம். எழுதாதை றொபின்சன். நான் ஸ்கொட்ச் கொண்டு வாறன்."

"இது வடிக்கிறேல்லை அத்தான். பார்லியைப் புளிக்க வைக்கிறது."

"புளிச்சதையோ எங்களுக்குத் தரப்போறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வெளியே வந்ததும் இராயப்பு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம் றொபின். அத்தான் எல்லாற்றை முன்னாலையும் மேசையிலை இருந்து ஒரு கிளாஸ் குடிச்சு, நல்லாயிருக்கடா எண்டு ஒருக்காச் சொன்னாச் சரி."

அன்றிரவே வேலையைத் தொடங்கிவிட்டார். புளிக்கும் வாளி சூடாகக் கூடாதாம். அதனால் அது இரண்டு கிழமை குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீருக்குள் இருந்தது. அவர் மனைவி சிசிலியா அந்த இரண்டு கிழமையும் தொட்டிக்கு வெளியே நின்று சருவச்சட்டியால் மொண்டு குளித்தார். திட்டினார், ஆனால் வேலை முடிந்து வரும்போது தொட்டித் தண்ணீருக்குப் போட ஐஸ் வாங்கி வந்ததும் அவர்தான். பிறகு சின்னப் போத்தல்களில் அடைத்து மூன்று கிழமை. மொத்தம் முப்பத்து மூன்று போத்தல்.

எங்கள் ஆண்கள் குடிக்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். நாங்கள் மேசையில் குடிப்பதில்லை, அது மரியாதைக் குறைவு. காரை ஒதுக்குப்புறமாக விட்டு, டிக்கியைத் திறந்து வைத்து, அதன் பின்னால் நின்று பிளாஸ்ரிக் கோப்பையில் குடிப்போம். ஒவ்வொருவராக, போன் கதைக்கப் போவது போலப் போவோம். வயதில் மூத்தவர் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிப்போம். பெண்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எங்கள் நம்பிக்கை. திரும்பி வரும்போது காரை ஓட்டுவது அந்தப் பெண்கள்தான்.

ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கூடாரங்களை எண்ணினோம். ஏழு இருந்தது. அதில் ஒன்று கூழ் அண்டாவுக்கும் றோல்ஸ் பெட்டிகளுக்கும் போயிற்று. இராயப்பு எதையும் கவனிக்கவில்லை. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, உணவகத்தில் இரவல் வாங்கிய கண்ணாடிக் கிளாஸ்களை அடுக்கி, போத்தல்களை ஐஸில் வைத்தார். இரத்தினம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் காரடிக்குப் போய் டிக்கியைத் திறந்தார். நாங்கள் ஒன்பது பேரும் ஒவ்வொருவராகப் போன் கதைக்கக் கிளம்பினோம்.

இராயப்பு மூன்று தரம் வந்து கூப்பிட்டார்.

"அத்தான், ஒருக்கா மேசைக்கு வாங்கோவன்."

"பொம்பிளையள் இருக்கிற இடத்திலை எப்பிடியடா? வேணுமெண்டா ஒண்டை இஞ்சை கொண்டு வா."

"பிளாஸ்ரிக்கிலை அதின்ரை ருசி தெரியாது அத்தான்."

மூன்றாம் தரம் அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். நான் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

மேசையில் நடந்ததைப் பிறகு சிசிலியா சொல்லித்தான் அறிந்தேன். இரத்தினத்தின் மனைவி சவரியம்மாள் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"இண்டைக்கு ஒருத்தரும் கார் ஓடத் தேவையில்லைத்தானே? ஊத்தடா தம்பி."

ஒரு வாய் குடித்ததும், "கொத்தமல்லி போட்டனியோ? தோடம்பழத் தோலும் என்ன?" என்று கேட்டாராம். கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலுமாகத் தன் கைப்பக்குவத்தை எங்கள் சனத்தில் ஒருவர் இப்படிக் கண்டுபிடிப்பது இராயப்புவுக்கு அதுதான் முதல் தடவை. பதினொரு பெண்களும் சுற்றி உட்கார்ந்து, கொத்தமல்லியை வறுத்ததா பச்சையா என்று வாதாடி, றோல்ஸைக் கடித்துக் கடித்துக் குடித்தார்கள்.

ஆறு மணியளவில் நான் றோல்ஸ் எடுக்கப் போனபோது முப்பத்திரண்டு போத்தல் வெறுமையாகக் கிடந்தது. ஐஸுக்குள் ஒன்றே ஒன்று இருந்தது. இராயப்பு அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"பார் றொபின், இவ்வளவு செய்தும் ஒருத்தரும் குடிச்சுப் பாக்கேல்லை" என்றார்.

சிசிலியா கிளாஸை மேசையில் வைத்தார்.

"அப்ப நாங்கள் ஆர்? பதினொரு பேர் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சனாங்கள். இரத்தினம் அண்ணை குடிச்சாத்தானோ குடிச்ச மாதிரி?"

இராயப்பு வெறும் போத்தல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. நான் றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து இரத்தினம் வந்தார். ஸ்கொட்ச் முடிந்துவிட்டது. கூச்சமெல்லாம் அதோடு போய்விட்டது போலும், எல்லோருக்கும் முன்னால் மேசையடியில் வந்து நின்று பிளாஸ்ரிக் கோப்பையை நீட்டினார்.

"சரி, தாவன். உன்ரை கசிப்பைக் குடிச்சுத்தான் பாப்பம்."

இராயப்பு கடைசிப் போத்தலை எடுத்தார். துணியால் துடைத்தார். மூடியைத் திறந்து, சிசிலியாவின் கிளாஸைச் சரித்துப் பிடித்து, நுரை வழியாமல் மெதுவாக முழுவதையும் அதில் ஊற்றினார்.

"இது சிசிலியாவுக்கு அத்தான். இனி இல்லை."

அத்தானுக்கு அவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.