ஒற்றை மாடு

ஒரு வாய்ச்சண்டைக்காக நண்பனின் பயிரைக் காய விட்டவன் நான். ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எல்லை எங்கே வரும் என்று ஊருக்கு ஊர் பேசிக்கொண்டிருந்த காலம். சித்தூர் ஜில்லாவில், புத்தூர் பக்கத்தில் எங்கள் கிராமம். அவன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். இருவருக்கும் அடுத்தடுத்த நிலம், பொதுக் கிணறு, ஆளுக்கு ஒரு மாடு. தோல் பையால் இறைக்கும் கவலை ஏற்றத்தில் ஜோடி மாடு இழுத்தால்தான் தண்ணீர் மேலே வரும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பூட்டி, முறை வைத்து இறைப்போம்.

ஒருநாள் டீக்கடையில் எங்கள் இருவருக்கும் எல்லைப் பேச்சு முற்றியது.

"திருப்பதி எங்களுதுடா. மலையப் பேத்துக்கினு மெட்ராஸுக்குப் போவியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை.

மறுநாள் காலை நுகத்தடியோடு வந்தான். "மாட்ட அவுத்துக்கினு வாடா, பயிரு வாடுது."

"உங்க ஆந்திராவுல மாடு கெடைக்கும், போய்க் கேளு" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். கிணற்றடியில் தன் ஒற்றை மாட்டை நிறுத்திக்கொண்டு வெயில் ஏறும்வரை காத்திருந்தான். அவன் மாடு கத்தியது. கொட்டகையிலிருந்து என் மாடு பதிலுக்குக் கத்தியது. நான் வெளியே வரவில்லை. என் நெல் முன்பே அறுவடையாகியிருந்தது. அவனுடையது பால் பிடிக்கும் பருவம். எல்லோரும் அவரவர் வயலுக்கு இறைத்துக்கொண்டிருந்ததால் யாரும் மாடு கொடுக்கவில்லை. நான் இறங்கி வராமலே நாட்கள் போயின; அத்தனையும் பதராயிற்று.

அதன் பிறகுதான் மனம் கேட்காமல், என் மாட்டை ஓட்டிப்போய் அவன் கொட்டகையிலேயே கட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் அவன் அதைத் திரும்பக் கொண்டுவந்து கட்டி, தண்ணீரும் காட்டிவிட்டுப் போனான். அந்தக் கோடையில் தன் மாட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு சித்தூர் போய்விட்டான்.

பிறகு எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அவன்தான் ஜெயித்தான். சொல்லிக்காட்ட அவன் ஊரில் இல்லை. மற்றவர்களுடன் அந்தப் பேச்சு எனக்கு ருசிக்கவில்லை. அப்புறம் எந்தப் பேச்சுமே ருசிக்கவில்லை.

பல வருஷம் கழித்து, சித்தூர் வெல்ல மண்டியில் அவன் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். வாய் நிறையத் திட்டுவான், நானும் ஏதாவது சொல்வேன், பழையபடி ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன்.

"அதெல்லாம் எதுக்குங்க இப்போ? உக்காருங்க சார், காபி சாப்டுங்க" என்றான்.

காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். இப்போதெல்லாம் யாராவது வாதத்துக்கு இழுத்தால், ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று விலகிக்கொள்கிறேன்; ஆனால் அன்று மண்டியில் அவன் என்னோடு போடாமல் விட்ட அந்த ஒரு சண்டைக்கு மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன்.